அப்பாவை ஷேஃபர் பாதையில் அழைத்துப் போகலாமா? (மோவாப், யூட்டா – ஒரு நாள் பயணம்)

பொள்ளாச்சிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். டென்வர் பக்கம் ஆறு வருடமாக இருக்கிறேன். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், நவம்பர் முதல் வாரம் திரும்புகிறார்கள். அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சி – வால்பாறை தடத்தில் மட்டும் 19 வருடம் ஓட்டினார். ஆழியாறுக்கு மேலே இருக்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவும் அவருக்கு மனப்பாடம். இங்கே வந்ததிலிருந்து நெடுஞ்சாலையைப் பார்த்து, "ஓட்டுறவனுக்கு இங்க என்னடா வேலை இருக்கு" என்கிறார். அவருக்குப் பிடித்த மாதிரி ஒரு சாலையைக் காட்டிவிட்டு ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஆசை.

கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஷேஃபர் பாதை என்ற மலைச்சரிவு மண் ரோடு வழியாக இறங்கி, பொட்டாஷ் ரோடு பிடித்து மோவாப் திரும்பலாம் என்று படித்தேன். அக்டோபர் இரண்டாவது வாரம், ஒரு பகல் மட்டும். என்னிடம் இருப்பது ஆல் வீல் டிரைவ் கிராஸ்ஓவர். அப்பாவுக்கு 67, நல்ல உடம்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி, பள்ளத்தைப் பார்த்தால் பயம். ஆறு வயதில் மகள் இருக்கிறாள். என் வண்டி போதுமா? பெர்மிட் வேண்டுமா? அம்மாவை எப்படிச் சமாளிப்பது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்புமண்:

தம்பி, கண்டிப்பாக அழைத்துப் போங்கள். உங்கள் வண்டியில் மட்டும் வேண்டாம். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நான் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன். அந்தச் சரிவில் ஐந்து முறை இறங்கியிருக்கிறேன். முதல் முறை 2018 மே மாதம், உங்களுடையதைப் போன்ற வண்டியில், மனைவி பிள்ளைகளோடு. மேலே நின்று பார்த்தபோது பாதை காய்ந்து, சமமாக, நம் ஊர் செம்மண் ரோடு மாதிரிதான் இருந்தது. இறங்க ஆரம்பித்த பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே முடியவில்லை. மூன்றாவது வளைவு தாண்டியதும் ரப்பர் கருகுவது போல ஒரு வாடை வந்தது. முன்னால் போகும் வண்டியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். முன்னால் வண்டி எதுவும் இல்லை. அடுத்த வளைவில் பிரேக் மிதி வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக உள்ளே போனது. அந்த இரண்டு விரற்கடையை என் பாதம் இன்னும் மறக்கவில்லை.

கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து, மலைச்சுவர் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். லாரிக்குக் கட்டை கொடுப்பது போல முன் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு கல் வைத்தோம். சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தாலே அனல் அடித்தது. பிள்ளைகளைப் பாறை நிழலில் உட்கார வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று இறங்கினோம். அடிவாரத்தில் ஓர் ஓடைப் படுகையில் கல்படி ஒன்று வண்டியின் அடிமூடியைக் கிழித்தது. ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். ஆனால் அன்றைக்குப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் அந்த முடிவை எடுத்திருக்கக் கூடாது.

காரணம் எளிது. ஐந்து மைல் சொச்சத்தில் சுமார் 1,500 அடி இறங்குகிறது. நம் வண்டியில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் அளவுக்குத் தாழ்ந்த கியர் கிடையாது. லோ ரேஞ்ச் உள்ள ஃபோர் வீல் டிரைவில் அதற்கென்றே இரண்டாவதாக ஒரு கியர் பெட்டி இருக்கிறது. சாதாரண ராங்ளர் ஜீப்பில் அது வேகத்தை 2.72 மடங்கு குறைக்கும், ரூபிகான் என்ற முரட்டுப் பாதை ரகத்தில் 4 மடங்கு. முதல் கியரில் போட்டுவிட்டால் வண்டி நடை வேகத்தில் தானாக ஊர்ந்து இறங்கும், பிரேக்கை எப்போதாவது தொட்டால் போதும். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், "ஏறுற கியர்லதான் இறங்கணும்" என்பார். அதே பாடம்தான்.

பூங்காத் துறையும் இந்தப் பாதைக்கு உயரமான, லோ ரேஞ்ச் உள்ள ஃபோர் வீல் டிரைவைத்தான் சொல்கிறது. ஆல் வீல் டிரைவை அதில் சேர்ப்பதில்லை. மோவாப் ஊரிலேயே ஜீப்பை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். விமான நிலையத்தில் எடுக்கும் வாடகை வண்டியில் போய்விடாதீர்கள். அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மண் ரோட்டுக்கு அனுமதி இருக்காது. மோவாப்பில் எடுக்கும்போதும் "ஷேஃபர், பொட்டாஷ் இரண்டுக்கும் போகலாமா" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வண்டி நின்றுபோனால் இழுத்துக் கொண்டுவரும் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும் என்று பூங்காவே எச்சரிக்கிறது.

பெர்மிட்: ஷேஃபருக்கும் பொட்டாஷ் ரோட்டுக்கும் பூங்கா நுழைவுக் கட்டணம் போதும். கீழே ஒரு சந்தி வரும். வலது பக்கம் பிரியும் ஒயிட் ரிம் ரோடு 100 மைல் சுற்று, அதற்குள் ஒரு மைல் போவதானாலும் பகல்நேர பெர்மிட் வேண்டும். மஸல்மன் ஆர்ச் என்ற பாறை வளைவு அந்தப் பக்கம்தான். குழந்தையும் அம்மாவும் இருப்பதால் நீங்கள் இடது பக்கம் திரும்பிவிடுங்கள்.

அன்றைய நாள் இப்படி இருக்கட்டும். காலை எட்டு மணிக்கு மோவாப்பிலிருந்து கிளம்பினால் 191, அப்புறம் 313 நெடுஞ்சாலை பிடித்து முக்கால் மணியில் பூங்காவின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி நுழைவாயில். ஷேஃபர் பாதை நுழைவாயிலைத் தாண்டியதுமே இடது பக்கம் பிரிகிறது. உடனே அதில் இறங்கிவிடாதீர்கள். முதலில் விசிட்டர் சென்டர் வரை போய், ரேஞ்சரிடம் பாதை நிலவரம் கேளுங்கள், எல்லோரும் கழிவறை போய்விட்டு வாருங்கள். பக்கத்திலேயே ஷேஃபர் கேன்யன் ஓவர்லுக் இருக்கிறது. அங்கிருந்து முழுப் பாதையும் கீழே நூல் அவிழ்ந்து கிடப்பது போலத் தெரியும். உங்கள் அப்பா அங்கே கொஞ்ச நேரம் நிற்கட்டும். அவர் கண்ணாலேயே அந்தப் பாதையை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுவார்.

திரும்பி வந்து தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் வண்டியை முழுதாக நிறுத்தி, நியூட்ரலுக்கு மாற்றி, ஃபோர் லோ (அந்த லோ ரேஞ்ச்தான்) போடுங்கள். தார் மீது போடக் கூடாது. முதல் ஒன்றிரண்டு மைல் பாறைச் சுவரை ஒட்டிப் போகும், பிறகுதான் கொண்டை ஊசிகள். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. நீங்கள் இறங்குகிறவர், ஒதுங்க வேண்டியது நீங்கள்தான். அதனால் எப்போதும் இரண்டு வளைவு தள்ளிக் கீழே பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். ஜீப் ஒன்று ஏறி வருவது தெரிந்தால் உங்களுக்குக் கிடைக்கும் அகலமான இடத்திலேயே நின்றுவிடுங்கள். வால்பாறையில் தடுப்புச்சுவர் உண்டு, வளைவுக்கு எண் பலகை உண்டு. இங்கே இரண்டும் கிடையாது.

இந்தப் பாதை யார் போட்டது தெரியுமா? முதலில் பழங்குடி மக்கள் நடந்த தடம். பிறகு ஷேஃபர் என்ற மோவாப் பண்ணைக் குடும்பத்தார் மாடுகளை மேலும் கீழும் ஓட்டிப் போனார்கள். 1950களில் யுரேனியம் தேடும் வேட்டை வந்தது. 1952இல் சார்லி ஸ்டீன் என்பவர் மோவாப்புக்குத் தெற்கே பெரிய படிவம் ஒன்றைக் கண்டுபிடித்ததும் அந்த வட்டாரமே அலைமோதியது. லாரி போவதற்காக மாட்டுத்தடத்தை அகலப்படுத்தினார்கள். 1964இல் தேசியப் பூங்கா வந்தபோது சாலை தயாராகக் கிடந்தது. கனிமம் ஏற்றிய லாரியை அந்த வளைவுகளில் ஓட்டியவர்களை நினைத்துப் பார்த்தால் எனக்கு உங்கள் அப்பா மாதிரி ஆட்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

கீழே போனதும் ஒரு விஷயம். சக்கரம் பாதையை விட்டு ஓர் அடிகூட வெளியே போக வேண்டாம். ஓரத்து மண்ணைக் குனிந்து பாருங்கள். கறுத்து, சொரசொரப்பாக, குட்டிக் கரையான் புற்றுகளை வரிசையாக அடுக்கி வைத்தது போல இருக்கும். அது உயிருள்ள மண். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசியும் லைக்கனும் சேர்ந்து மணலைப் பின்னிப் பிடித்திருக்கின்றன. அந்தப் பாலைவனம் காற்றில் பறந்துவிடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு காலடி பட்டால் பழையபடி ஆகப் பல பத்து வருடம் ஆகும். மகளுக்குக் காட்டுங்கள், ஆனால் பாதையில் நின்றபடியே. எதிரில் வண்டி வருகிறது, படம் எடுக்க வேண்டும் என்று ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பொட்டாஷ் ரோடு இறங்கும் பாதையைவிட முரடு, குலுக்கல் அதிகம். சந்தியிலிருந்து தார் வரைக்கும் சுமார் 15 மைல், சாப்பாட்டோடு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் சிவப்புப் பாறைகளுக்கு நடுவே பளிச்சென்ற நீலக் குளங்கள் வரும். பொட்டாஷ் காயவைக்கும் பாத்திகள். கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பூமிக்குள் செலுத்தி, உப்பைக் கரைத்து மேலே எடுத்து, வெயிலில் காய விடுகிறார்கள். வெயிலை நன்றாக உறிஞ்சட்டும் என்று நீலச் சாயம் கலக்கிறார்கள். பொள்ளாச்சியில் தென்னைக்கு வைக்கிறோமே பொட்டாஷ், அதே உப்புதான். அம்மாவிடம் சொல்லுங்கள், பயம் கொஞ்சம் மறக்கும். முன்பு அங்கே ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கி வெட்டினார்கள். 1963 ஆகஸ்டில் உள்ளே வெடி விபத்து நடந்து 18 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பது எனக்குப் பழக்கம்.

மழை பெய்திருந்தால் போகவே வேண்டாம். அந்தச் சரிவில் ஒரு பட்டை களிமண் இருக்கிறது, நனைந்தால் சோப்பு தேய்த்த தரை மாதிரி ஆகிவிடும். முந்தைய நாள் பெய்திருந்தாலும் ரேஞ்சரைக் கேட்காமல் இறங்காதீர்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு கேலன். பெட்ரோல் மோவாப்பிலேயே முழு டேங்க், பூங்காவுக்குள் பங்க் இல்லை. கைபேசிக்குச் சிக்னலை நம்பாதீர்கள், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொலராடோ மலையாடி:

சிவப்புமண் கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறார் என்று தோன்றுகிறது. நாங்கள் போன செப்டம்பரில் ஆல் வீல் டிரைவ் வண்டியில்தான் இறங்கினோம். நல்ல காய்ந்த நாள், ஒரு பிரச்சினையும் இல்லை. எங்களைப் போல இன்னும் நாலைந்து வண்டிகள் வந்தன. மெதுவாகப் போனால் போதும்.

சிவப்புமண்:

நீங்கள் நல்லபடியாக வந்ததில் சந்தோஷம். காய்ந்த நாளில் பல பேர் அப்படி வந்துவிடுகிறார்கள், அது உண்மை. வண்டியில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று தெரியவில்லை. பொள்ளாச்சிக்காரர் பெரியவர்கள் இருவர், குழந்தை, தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு இறங்கப் போகிறார். பாரம் கூடக் கூட பிரேக் சூடாகும். வளைவுகளைத் தாண்டிவிட்டாலும் பொட்டாஷ் ரோட்டில் கல்படிகள் உண்டு, மழைக்கு மழை அவை மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் போன செப்டம்பரில் இருந்தது இந்த அக்டோபரில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் ஜீப் வாடகையை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை என்பதுதான் என் கருத்து.

மதுரை மல்லி:

அம்மாவைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். போன வருடம் என் மாமியாரை அழைத்துப் போனோம், அவருக்கும் முழங்கால்.

ஜீப்பில் ஏறுவதுதான் முதல் சிரமம். படி உயரம். நாங்கள் சின்ன மடக்கு ஸ்டூல் ஒன்று வாங்கிக்கொண்டு போனோம், நாள் முழுக்க அதுதான் உதவியது. வாடகைக்கு எடுக்கும்போது நாலு கதவு வண்டியாகக் கேளுங்கள். குழந்தை இருக்கை சரியாகப் பொருந்துகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். அம்மாவை எந்தப் பக்கம் உட்கார வைத்தாலும் ஒரே கதைதான், ஒவ்வொரு வளைவுக்கும் பள்ளம் பக்கம் மாறும். பின் இருக்கையில் நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் கொஞ்சம் தைரியம் வரும். என் மாமியார் இறங்கும்போது கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தார். அடிவாரம் வந்ததும் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தவர், "இதிலயா வந்தோம்" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மா வேண்டவே வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். உங்கள் மனைவி சொந்தக் காரில் அம்மாவை டெட் ஹார்ஸ் பாயிண்டுக்கு அழைத்துப் போகட்டும். அதுவும் 313 வழியில்தான், மாநிலப் பூங்கா, தனிக் கட்டணம். ஆறு 2,000 அடி கீழே வளைந்து போகும். நீங்கள் ஓட்டி வரும் பொட்டாஷ் ரோடு அங்கிருந்து தெரியும்.

சாப்பாடு: புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல் எடுத்துப் போங்கள். தயிர்சாதத்தை ஐஸ் பெட்டியில் வையுங்கள். இறங்குவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், குலுக்கல் ஒத்துக்கொள்ளாது. குப்பை ஒரு துளி விடாமல் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சிவப்புமண் அண்ணா, மோவாப்பில் நாலு கதவு ராங்ளர் ஒன்றை வாடகைக்குப் பதிவு செய்துவிட்டேன். இரண்டு பாதைக்கும் அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். இன்னும் ஒன்று: டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு? அப்புறம், அப்பா ஓட்டலாமா?

சிவப்புமண்:

காற்று: இந்தப் பாதைக்குக் குறைத்தே ஆக வேண்டும் என்றில்லை. 36 பி.எஸ்.ஐ. இருந்தால் 27, 28க்குக் கொண்டுவந்தால் குலுக்கல் குறையும், அம்மாவின் இடுப்புக்கும் நல்லது. ஆனால் திரும்ப நிரப்ப கம்ப்ரசர் கையில் இருக்க வேண்டும், வாடகைக்காரர் சம்மதிக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடாதீர்கள். மெதுவாகப் போங்கள்.

அப்பா: மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லாமல் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். இங்கே இடது பக்க ஸ்டியரிங் வேறு. வண்டியின் வலது ஓரம் எங்கே இருக்கிறது என்று கைக்குப் பிடிபடவே சில நாள் ஆகும். அவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தால், ஒதுங்க வேண்டியிருந்தால், அவரை இறக்கிவிட்டுச் சைகை காட்டச் சொல்லுங்கள். மலைரோட்டில் அவரைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

பொள்ளாச்சிக்காரன்:

போன சனிக்கிழமை போய் வந்துவிட்டோம். நன்றி சொல்ல வந்தேன்.

ஓவர்லுக்கில் அப்பா இருபது நிமிடம் நின்றார். ஒன்றும் பேசவில்லை. விரலால் காற்றில் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அம்மா நடு இருக்கைக்கு ஒத்துக்கொண்டார். ஃபோர் லோ போட்டு முதல் கியரில் விட்டதும் எஞ்சின் உறுமலைக் கேட்டு அப்பா தலையை ஆட்டினார். முதல் வளைவில் பழக்க தோஷத்தில் பிரேக் மீது காலை வைத்தேன். "கால எடுடா, வண்டிய நம்பு" என்றார். அதற்கப்புறம் முழு இறக்கத்திலும் நான்கைந்து முறைதான் பிரேக்கைத் தொட்டிருப்பேன்.

பாதி இறக்கத்தில் மூன்று ஜீப்புகள் வரிசையாக ஏறி வந்தன. நான் கவனிக்கத் தாமதமாகிவிட்டது, ஒதுங்கும் இடம் எங்களுக்குப் பின்னால் மேலே இருந்தது. அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். பின்னால் போய் நின்று, பேருந்து நிலையத்தில் காட்டுவது போலவே இரண்டு கையையும் உயர்த்தி, "வரலாம்... வரலாம்... ஒடி... ஒடி... ரைட்!" என்று உரக்கச் சொல்லி, மலைச்சுவரை ஒரு முழ இடைவெளியில் ஒட்டினாற்போல நிறுத்த வைத்தார். முதல் ஜீப்பில் வந்த வெள்ளைக்காரப் பெரியவர் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினார். அப்பா அவர் கையைக் குலுக்கிவிட்டு, அடுத்த இரண்டு வண்டிகளையும் தானே சைகை காட்டி ஏற்றிவிட்டார்.

நீலக் குளங்கள் பக்கத்தில் எஞ்சினை அணைத்தோம். அந்த 18 பேரைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். மகள் கரையான் புற்று மண்ணைப் பாதையில் குத்தவைத்துப் பார்த்து நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார், இங்கே பொட்டாஷ் மூட்டை என்ன விலை என்று.